ஆப் அக்காவுடையது... சாவி யாரிடம்?

ஈரோடு பக்கம் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே சாம்பார் பொடி, இட்லிப் பொடி, மஞ்சள் தூள் அரைத்து விற்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். வாடிக்கையாளர்கள் 300 பேரைத் தாண்டியதும், யார் என்ன கேட்டார்கள், யார் பணம் அனுப்பினார்கள் என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. பக்கத்துத் தெருவில் இன்ஜினீயரிங் முடித்த தம்பி ஒருவர், "ஒரு ஆப் பண்ணிடலாங்க்கா, எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்" என்கிறார். ஏலச்சீட்டு எடுத்த 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. பேசி முடித்தாயிற்று. காகிதத்தில் ஒரு வரி எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்து தம்பிக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிடுகிறது. அதே நேரம், சில போன்களில் ஆப் திறந்ததும் தானாக மூடிக்கொள்கிறது. சரிசெய்யலாம் என்றால் பிளே ஸ்டோர் கணக்கு தம்பி பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு தம்பியிடம் இருக்கிறது, கோடு தம்பியின் பழைய லேப்டாப்பில் இருந்தது. அந்த லேப்டாப்பை அவர் விற்றுவிட்டார்.

இந்தக் கதையில் யாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. அக்கா பணத்தைச் சரியாகக் கொடுத்தார். தம்பி வேலையைச் சரியாகச் செய்தார். கேட்க வேண்டிய சில கேள்விகளை இருவருமே கேட்கவில்லை, அவ்வளவுதான். வீட்டுத் தொழிலுக்கு ஆப் செய்ய நினைப்பவர்களுக்கும், செய்து கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் அந்தக் கேள்விகள் இதோ.

ஆப் தேவைதானா?

முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பிலேயே பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். 'பணம் வந்தது', 'அனுப்பியாச்சு' என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் லேபிள் போடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் போதவில்லை என்றால் ஒரு எளிய வெப்சைட் போதும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அது திறக்கும்.

ஆப் என்றால் வாடிக்கையாளர் அதைத் தேடி இறக்கி, போனில் வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் சாம்பார் பொடி வாங்குபவர், போனில் இடம் இல்லை என்று வந்தால் முதலில் நீக்குவது அந்த ஆப்பைத்தான். வாரா வாரம் வாங்குபவர்கள் கணிசமாக இருந்தால் மட்டும் ஆப் பக்கம் போவது நல்லது.

கணக்கு யார் பெயரில்?

பிளே ஸ்டோரில் ஆப் போட, கூகுளில் டெவலப்பர் கணக்கு வேண்டும். இதற்கு 25 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். ஐபோன் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் மட்டும் இருந்தால், அந்தச் செலவு தேவையா என்று யோசிக்க வேண்டும்.

'என் கணக்கிலேயே போட்டுடறேன், உங்களுக்கு 25 டாலர் மிச்சம்' என்று தம்பி சொல்வது நல்ல மனதோடுதான். ஆனால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆப் யாருடைய கணக்கில் இருக்கிறதோ, கூகுள் கண்ணுக்கு அவர்தான் அதன் உரிமையாளர். அவருடைய வேறொரு ஆப் விதிமீறலில் சிக்கி மொத்தக் கணக்கும் முடக்கப்பட்டால், பொடி ஆப்பும் சேர்ந்தே போய்விடும்.

கணக்கை அக்கா பெயரில் தொடங்கி, தம்பியைப் 'பயனராக'ச் சேர்த்து, ஆப்பை ஏற்றும் அனுமதியை மட்டும் கொடுக்கலாம். பிளே கன்சோலிலேயே அந்த வசதி இருக்கிறது. வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவருக்குச் சாவி கொடுப்பது போலத்தான் இது. பத்திரத்தையா எழுதிக் கொடுக்கிறோம்?

தனிநபர் கணக்கு, நிறுவனக் கணக்கு என்று இரண்டு வகை உண்டு. நிறுவனக் கணக்குக்கு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் 'டன்ஸ்' எண் வேண்டும். தனிநபர் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிளே ஸ்டோர் வழியாகப் பணம் ஈட்டும் ஆப் என்றால், உங்கள் முழு முகவரியும் ஆப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரி வெளியே தெரிவதை விரும்பாதவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு பேரை எங்கே பிடிப்பது?

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆப்பை எல்லோருக்கும் வெளியிடும் முன், ஒரு மூடிய சோதனை நடத்தியாக வேண்டும். முதலில் 20 பேர் என்று இருந்ததை 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். அந்த 12 பேரும் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை 11 ஆனால் சிக்கல்தான்.

பலரும் இதைத் தெரியாமல், 'தீபாவளிக்கு ஆப் வந்துடும்' என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிடுகிறார்கள். 14 நாள் சோதனை, அதன்பின் அனுமதிக்கான விண்ணப்பம், அதன்பின் ஆப் பரிசீலனை என்று கணக்குப் போட்டால், கோடு எழுதி முடித்த பிறகும் ஒரு மாதம் கையில் இருப்பது நல்லது. 15 பேரைச் சேர்த்துவிட்டால் ஒருவர் இருவர் விலகினாலும் கவலை இல்லை. காசு வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஆட்களைச் சேர்த்துத் தருபவர்களை நம்புவதைவிட, நாத்தனார், கொழுந்தனார், வழக்கமான வாடிக்கையாளர்கள் என்று தெரிந்தவர்களையே கேட்கலாம். 'பணம் கட்டும் பொத்தான் எங்கே இருக்குன்னே தெரியலைம்மா' என்று அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள்.

நேற்று வரை ஓடியது இன்று ஏன் நின்றது?

அக்காவின் ஆப் வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. திடீரென்று பொருள் பட்டியலே தெரியவில்லை. "என்ன கண்ணு, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" "நான் எதையுமே தொடலைங்க்கா!"

உண்மைதான், தம்பி தொடவில்லை. சின்ன ஆப்கள் பலவும் தகவல்களைச் சேமிக்க கூகுளின் ஃபயர்பேஸைப் பயன்படுத்துகின்றன. அதில் தகவல் தளத்தைத் தொடங்கும்போது 'சோதனை நிலை' என்று ஒன்றைத் தேர்வு செய்யலாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற திறந்த அனுமதி அது. 30 நாள் கழிந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மூடிய சோதனை தொடங்கிய அன்று தகவல் தளத்தைத் திறந்திருந்தால், 14 நாள் சோதனையும் ஒரு வாரப் பரிசீலனையும் போக, ஆப் வெளிவந்து சில நாளிலேயே அந்த 30 நாள் முடிந்துவிடும்.

அவசரத்தில் பலர் செய்வது, காலக்கெடுவை எடுத்துவிட்டு நிரந்தரமாகத் திறந்து வைப்பது. ஆப் ஓடத் தொடங்கிவிடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், அந்த 300 குடும்பங்களின் பெயர், போன் எண், வீட்டு முகவரி எல்லாம் விஷயம் தெரிந்த எவரும் படிக்கக்கூடிய நிலையில் கிடக்கும். 'ஒவ்வொருவரும் தன் ஆர்டரை மட்டும் பார்க்கலாம். எல்லாவற்றையும் கடைக்காரர் மட்டும் பார்க்கலாம்' என்று விதி எழுதுவதுதான் சரியான தீர்வு. தெரிந்தவருக்கு இது சில மணி நேர வேலை. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், 'சோதனை நிலையை மாற்றியாச்சா?' என்று மறக்காமல் கேளுங்கள். வாடிக்கையாளர் நம்மிடம் முகவரி கொடுத்தது பொடி வாங்குவதற்காகத்தான்.

ஃபயர்பேஸ் இல்லாத ஆப் திடீரென நின்றால் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும்: சர்வர் வாடகை கட்டப்பட்டதா, டொமைன் பெயர் புதுப்பிக்கப்பட்டதா, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா? இந்த மூன்றின் கெடு தேதிகளையும் வீட்டுக் காலண்டரில், கேஸ் புக் செய்த தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

என் போனில் வருது, அவங்க போனில் வரலையே?

ஆர்டர் வந்தால் 'டிங்' என்று சத்தம் வர வேண்டும். தம்பி போனில் வருகிறது, அக்கா போனில் வரவில்லை. பெரும்பாலும் ஆப்பில் கோளாறு இருக்காது. ஆண்ட்ராய்டு 13 முதல், நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஆப் அனுமதி கேட்டாக வேண்டும். இரண்டு முறை 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் மறுபடி கேட்காது. செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து, நோட்டிஃபிகேஷனை நாமே இயக்க வேண்டும். அப்போதும் வரவில்லை என்றால் பேட்டரி பகுதியைப் பாருங்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று சில போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்களைத் தூங்க வைத்துவிடும். இந்த ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் சரியாகிவிடும்.

ஆப் திறந்ததும் மூடிக்கொண்டால், 'ஆப் வேலை செய்யலை' என்று மட்டும் சொன்னால் டெவலப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. வயிற்று வலி என்று மட்டும் சொன்னால் டாக்டர் மருந்து எழுத முடியுமா? போன் மாடல், ஆண்ட்ராய்டு எண், கடைசியாக எந்தப் பொத்தானைத் தொட்டார்கள், ஒரு ஸ்கிரீன்ஷாட் ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். பிளே கன்சோலில் 'ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ்' என்ற பகுதியும் உண்டு. எந்தப் போனில், கோடின் எந்த வரியில் ஆப் விழுந்தது என்பதை அது காட்டும்.

இதை அலட்சியம் செய்தால் வியாபாரத்துக்கும் நஷ்டம். தினசரிப் பயனர்களில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஆப் கண்முன்னே விழுந்தால், பிளே ஸ்டோரில் அது புதியவர்கள் கண்ணில் படுவதை கூகுள் குறைக்கலாம். தொட்டதும் 5 நொடிக்குள் பதில் தராமல் உறைந்து நிற்பதும் கணக்கில் சேரும். அதற்கான எல்லை 0.47 சதவீதம்.

கூகுள் எவ்வளவு எடுத்துக்கொள்ளும்?

'100 ரூபாய்க்கு விற்றால் 30 ரூபாய் கூகுளுக்குப் போயிடுமாமே?' என்ற பயம் பலருக்கு உண்டு. சாம்பார் பொடிக்கு அந்தப் பயம் வேண்டாம். கையில் தொடும் பொருளுக்கும், நேரில் செய்து தரும் சேவைக்கும் கூகுளும் ஆப்பிளும் கமிஷன் எடுப்பதில்லை. யுபிஐ, கார்டு, கையில் பணம் என்று எப்படியும் வாங்கலாம். பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் கட்டணம் மட்டும் தனி.

அதே அக்கா நாளை 'மாதம் 99 ரூபாய் கட்டினால் சமையல் வீடியோக்கள்' என்று ஆப்புக்குள்ளேயே விற்றால் கதை வேறு. அது டிஜிட்டல் பொருள் என்பதால் கமிஷன் உண்டு. 2021 ஜூலை முதல் கூகுள், ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை 15 சதவீதம் என்று குறைத்தது. ஆப்பிளும் சிறு டெவலப்பர்களுக்கு அதே 15 சதவீதத்தை 2021 ஜனவரியில் கொண்டுவந்தது. விலை வைக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய்விட்டது. ஆப்பில் 'ஆர்டர் ஆகவில்லை' என்று காட்டுகிறது. அவருடைய போன் திரையை மட்டும் நம்பி ஆர்டரை உறுதி செய்யும்படி ஆப்பை அமைத்திருந்தால் இப்படி நடக்கும். நடுவில் நெட் போனால் கணக்குக் குழம்பிவிடும். பேமென்ட் கேட்வேயின் சர்வர், நம் சர்வருக்கு நேராகச் சொல்லும் தகவலை வைத்துத்தான் ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். டெவலப்பர்கள் அதை 'வெப்ஹுக்' என்பார்கள். அது இருந்தால், போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிப் பொருள் வாங்குபவர்களிடம் இருந்தும் தப்பிக்கலாம்.

ஆப்பை ஏன் நிராகரித்தார்கள்?

நிராகரிப்பு மெயில் வந்ததும் பதறி அதே ஆப்பை மறுபடி மறுபடி ஏற்றுவது தவறு. எந்த விதி என்று மெயிலிலேயே இருக்கும். அடிக்கடி வரும் காரணங்கள் சிலதான்: தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பு இல்லை, எந்தத் தகவலைச் சேகரிக்கிறோம் என்று படிவத்தில் சொன்னதற்கும் ஆப் செய்வதற்கும் பொருத்தம் இல்லை, தேவையில்லாத அனுமதி கேட்கிறோம். ஓடிபியைத் தானாகப் படிக்க என்று எஸ்எம்எஸ் முழுவதையும் படிக்கும் அனுமதி கேட்டால் சிக்கல்தான். அதற்குத் தனி வழியை கூகுளே தந்திருக்கிறது. ஆப்பில் கணக்குத் தொடங்க வசதி இருந்தால், அந்தக் கணக்கை நீக்கும் வசதியும் இருந்தாக வேண்டும். ஆப்பிள் இதை 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுளும் இதைக் கேட்கிறது.

ஒருமுறை செய்தால் போதுமா?

போதாது. ஆப் என்பது வாங்கி வைக்கும் கிரைண்டர் இல்லை. வருஷா வருஷம் பராமரிக்க வேண்டிய ஓட்டு வீடு. புதிய ஆண்ட்ராய்டு வரும்போதெல்லாம் ஆப்பும் அதற்கேற்ப மாற வேண்டும். உதாரணமாக, 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்களும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்றது கூகுள். பல ஆண்டுகள் தொடாமல் விட்ட ஆப், புதிய போன் வாங்கியவர்களுக்கு பிளே ஸ்டோரில் தெரியாமலே போய்விடும். அதனால் செய்யும் செலவை மட்டும் பேசாமல், 'அடுத்த வருஷம் பராமரிக்க எவ்வளவு?' என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

கோடு யாருக்குச் சொந்தம்?

'பணம் கொடுத்தது நான், அப்போ கோடும் எனக்குத்தானே சொந்தம்?' சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. எழுதியவர்தான் அதன் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குச் சொந்தம். ஆனால், தம்பி போல வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்குச் செய்பவர் எழுதினால், எழுதிக் கொடுக்காத வரை உரிமை அவருக்கே. பணம் கொடுத்து எடுக்கும் கல்யாண போட்டோவுக்கு இதே சட்டம் வேறு விதி வைத்திருக்கிறது. அங்கே உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. அந்த நினைப்பில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த ஊர்களுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் 'நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும்' என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் காகிதம் போதும். டெவலப்பருக்கும் அது நல்லதுதான்: எத்தனை தவணை, எந்த வேலை கணக்கில் சேரும், எது தனிக் கட்டணம் என்று அதிலேயே இருந்தால், 'இதையும் கொஞ்சம் பார்த்துக் கொடு கண்ணு' என்று கேட்பது முடிவில்லாமல் நீளாது.

லேப்டாப்பை விற்றாயிற்றே, இனி?

அக்கா கதைக்கு வருவோம். தம்பி போனை எடுத்தார்; அதுவே பாதி நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்தார்கள்.

பிளே ஸ்டோரில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஆப்பை மாற்ற வழி இருக்கிறது. இறக்கியவர்கள், ஸ்டார்கள், விமர்சனங்கள் எல்லாம் கூடவே வரும். அக்கா தன் பெயரில் 25 டாலர் கட்டிக் கணக்கு தொடங்கினார். மாற்றம் கோரும்போது இரண்டு கணக்குகளின் பதிவுக் கட்டண ரசீது எண்ணும் கேட்பார்கள். தம்பி பழைய மெயிலைத் தேடி எடுத்தார். அந்த மெயிலை எவரும் அழித்துவிடக் கூடாது.

அடுத்தது கீஸ்டோர். ஒவ்வொரு அப்டேட்டையும் 'இது அதே ஆள் அனுப்பியதுதான்' என்று முத்திரை குத்தும் கோப்பு அது. முன்பெல்லாம் அது தொலைந்தால் அந்த ஆப்பை அப்டேட் செய்யவே முடியாது. வேறு பெயர் அடையாளத்தில் புதிதாகத் தொடங்கி, எல்லோரையும் மறுபடி இறக்கச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களின் முதன்மைச் சாவியை கூகுளே வைத்துக்கொள்கிறது. டெவலப்பரிடம் இருப்பது ஏற்றுவதற்கான சாவி மட்டும். அது தொலைந்தால் கணக்கின் உரிமையாளர் புதிய சாவி கேட்டுப் பெறலாம். விற்ற லேப்டாப்போடு போனது இந்தச் சாவிதான் என்பதால் அக்கா தப்பித்தார்.

கோடு? அதைத் தம்பி கிட்ஹப்பில் ஒரு பிரதி வைத்திருந்தார். அன்றே அக்காவின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அங்கே மாற்றினார். ஃபயர்பேஸிலும் அக்காவை உரிமையாளராகச் சேர்த்தார். அது இல்லாமல் போயிருந்தால், கோடை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்திருக்கும். சீட்டுப் பணம் 60,000 போனது போனதுதான்.

கடைசித் தவணைக்கு முன்

நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள ஆறு விஷயங்கள்:

1. பிளே ஸ்டோர் கணக்கும், அதன் மெயிலும், ரசீதும் உங்கள் பெயரில்.
2. டொமைன், சர்வர், ஃபயர்பேஸ், பேமென்ட் கேட்வே கணக்குகளும் உங்கள் பெயரில்.
3. கோடின் முழுப் பிரதி உங்கள் கணக்கில். தம்பி இல்லாமல் இன்னொருவரால் அதைத் திறந்து ஓட வைக்க முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
4. கீஸ்டோர் கோப்பும் பாஸ்வேர்டும் இரண்டு இடங்களில் பத்திரமாக.
5. தகவல் தளம் 'சோதனை நிலை'யில் இல்லை என்ற உறுதி.
6. உரிமை மாற்றமும் பராமரிப்புக் கட்டணமும் எழுதிக் கையெழுத்திட்ட காகிதம்.

அந்த ஞாயிறு மாலை, வேலை முடிந்து தம்பி போனை வைக்கும் முன் அக்கா கேட்டார்: "உனக்கு நான் எவ்வளவு தரணும் கண்ணு?" "ஒண்ணும் வேண்டாங்க்கா. முதல் நாளே நான் பண்ணிக் கொடுத்திருக்க வேண்டிய வேலைதானுங்க இது."

மறுநாள் பெங்களூருக்கு ஒரு பார்சல் போனது. இட்லிப் பொடி அரைக் கிலோ, பருப்புப் பொடி அரைக் கிலோ. ஆர்டர் ஆப்பிலேயே பதிவானது. அக்கா போனில் 'டிங்' என்று சத்தமும் வந்தது.